499 ரூபாய் மளிகைத் தொகுப்பும் ரேஷனும் சேர்ந்தால் நான்கு பேருக்கு ஒரு மாதம் ஓடுமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். வீட்டில் பெரியவர்கள் 2 பேர், 10 வயதிலும் 6 வயதிலும் பிள்ளைகள், இருவரும் அரசுப் பள்ளியில். அரிசி அட்டை இருக்கிறது. வாடகை, கேஸ், பஸ் எல்லாம் போகச் சாப்பாட்டுக்கு 4,500 ரூபாய் நிற்கிறது. தள்ளுபடியில் வருகிற மளிகைத் தொகுப்பு ஒன்றை மாதாமாதம் வாங்கி, ரேஷனோடு சேர்த்து ஓட்டிவிடலாமா, எந்தத் தொகுப்பு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் தொகுப்பு என்பதைவிடப் பெரிய கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது: இந்த 4,500 ரூபாயை எதில் போட்டால் பிள்ளைகளுக்கு வயிறும் நிறையும், உடம்பிலும் ஒட்டும்? சமூக உணவியல் பக்கம் வேலை செய்கிறவன் என்ற முறையில் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொகுப்பு வாங்கலாம், தப்பில்லை. ஆனால் உங்கள் மாதச் செலவில் ஒன்பதில் ஒரு பங்கைத்தான் அது தொடும். 499 ரூபாய்த் தொகுப்பில் உண்மையிலேயே 20 சதவீதம் மிச்சம் கிடைத்தாலும் அது 100 ரூபாய், மிஞ்சிப் போனால் 125. பெரிய பணம் காய்கறி, பால், முட்டை, பருப்பு ஆகியவற்றில் போகிறது. கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரேஷன் என்ன தருகிறது என்று பார்ப்போம். அரிசி அட்டைக்கு 4 பேர் குடும்பம் என்றால் மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கும். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை என்றால் 35 கிலோ. துவரம் பருப்பு 1 கிலோ 30 ரூபாய், பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய். இந்த இரண்டும் 2007-ல் தொடங்கிய சிறப்பு பொது விநியோகத் திட்டத்தில் வருபவை. சர்க்கரை தலைக்கு அரைக் கிலோ வீதம் 2 கிலோ, கிலோ 25 ரூபாய். ஆக 105 ரூபாய்க்கு 20 கிலோ அரிசி, 1 கிலோ பருப்பு, 1 லிட்டர் எண்ணெய், 2 கிலோ சர்க்கரை. எந்தக் கடையின் எந்தத் தள்ளுபடித் தொகுப்பும் இந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் முதல் வேலை, மாதம் தவறாமல் பருப்பையும் எண்ணெயையும் வாங்கிவிடுவது. இரண்டும் சில மாதங்களில் தாமதமாக வரும். அரிசி வாங்கப் போன அன்று இல்லையென்றால் அப்படியே விட்டுவிடாமல், மாதக் கடைசிக்குள் மறுபடி போய்க் கேளுங்கள். பில் போட்டதும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். வாங்காத பொருள் அதில் இருந்தால் கடையிலேயே கேளுங்கள், சரிப்படாவிட்டால் 1967 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லலாம்.

இனி தேவை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளைக்கு 54 கிராம் புரதம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம், 10 வயதுப் பிள்ளைக்கு 32, 6 வயதுப் பிள்ளைக்கு 16. கூட்டினால் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிராம். கலோரியில், உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் நால்வருக்கும் சேர்த்து 7,200, ஓடியாடுகிற வேலை என்றால் 8,400 வரை. 20 கிலோ அரிசியை 30 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 670 கிராம். பருப்பு 33 கிராம், எண்ணெய் 30 கிராம், சர்க்கரை 67 கிராம். இவ்வளவும் சேர்ந்து 3,000 கலோரி கொடுக்கும், தேவையில் 40 சதவீதம். புரதம் அரிசியில் 50, பருப்பில் 7, மொத்தம் 57 கிராம். சர்க்கரை வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. அரிசியில் ஓரளவு குறைகிறது. பருப்பில்தான் பள்ளம். வெளியிலிருந்து எதை வாங்கினாலும் இந்தப் பள்ளத்தை எவ்வளவு நிரப்புகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்தக் கண்ணோடு ஒரு தொகுப்பைப் பிரித்துப் பார்ப்போம். 2021 ஜூனில், கொரோனா காலத்தில், தமிழ்நாடு அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 14 பொருள் கொண்ட மளிகைத் தொகுப்பை விலையில்லாமல் கொடுத்தது. கோதுமை மாவு, ரவை, உப்பு தலா 1 கிலோ. சர்க்கரை, உளுத்தம் பருப்பு தலா அரைக் கிலோ. புளி, கடலைப் பருப்பு தலா கால் கிலோ. டீத்தூள் 200 கிராம். கடுகு, சீரகம், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் தலா 100 கிராம். குளியல் சோப்பு, துணி சோப்பு ஒவ்வொன்று. வேலை இல்லாமல் வீடு முடங்கிக் கிடந்த நேரத்தில் அது பெரிய உதவி. ஆனால் உணவாக எண்ணினால், 14 பொருளில் பருப்பு 750 கிராம்தான். அதிலுள்ள புரதம் 170 கிராம் அளவு, உங்கள் குடும்பத்துக்கு ஒரு நாள் தேவையும் கொஞ்சமும். மாவையும் ரவையையும் சேர்த்தாலும் மூன்று நாளைத் தொடாது. விலைக்கு விற்கிற தொகுப்புகளும் பெரும்பாலும் இதே அமைப்புதான். 2024 தீபாவளிக்கு அமுதம் அங்காடிகளில் 15 பொருள் 499 ரூபாய்க்கு ‘அமுதம் பிளஸ்’ என்று வந்தது. 2025 பொங்கலுக்குக் கூட்டுறவுக் கடைகளில் 199, 499, 999 ரூபாய்களில் தொகுப்புகள் வந்தன. தனியார் கடைகளிலும் ஆன்லைனிலும் ‘21 பொருள்’, ‘30 பொருள்’ என்று போடுகிறார்கள். பொருள் எண்ணிக்கை கூடக்கூட 50 கிராம், 100 கிராம் பாக்கெட்டுகள்தான் கூடுகின்றன. சோம்பும் பட்டையும் ஏலக்காயும் எண்ணிக்கைக்கு மூன்று பொருள், அடுப்பில் ஏறுவது கைப்பிடியளவு.

ஆகவே ஒரு தொகுப்பை எடைபோட இப்படிச் செய்யுங்கள். பட்டியலை ஒரு தாளில் எழுதி மூன்றாகப் பிரியுங்கள். எப்படியும் இந்த மாதம் வாங்கியே தீர வேண்டியவை முதல் பிரிவு. கிடைத்தால் பயன்படும், இல்லாவிட்டாலும் குறையில்லை என்பவை இரண்டாவது. உங்கள் வீட்டில் தொடாதவை மூன்றாவது: சேமியா பாக்கெட், ஊறுகாய், ஜவ்வரிசி, சோப்பு என்று வீட்டுக்கு வீடு மாறும். முதல் பிரிவுக்கு உங்கள் தெருக்கடை விலையை முழுதாகப் போடுங்கள், இரண்டாவதுக்குப் பாதி, மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை. கூட்டுத்தொகை தொகுப்பின் விலையைவிட அதிகமாக வந்தால் வாங்குங்கள். தொகுப்பின் பெட்டியில் ‘சந்தை மதிப்பு 650’ என்று போட்டிருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது அச்சிட்ட அதிகபட்ச விலைகளின் கூட்டு. மொத்தக் கடையில் அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை.

எடையைப் படிப்பதில் இரண்டு இடத்தில் ஏமாறுவோம். ஒன்று எண்ணெய். 1 லிட்டர் எண்ணெய் என்பது 910 கிராம். லிட்டர் பாக்கெட் போலவே தோன்றும் உறையில் 850 மில்லி என்றோ 800 கிராம் என்றோ எழுதியிருக்கலாம். மில்லியையும் கிராமையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் கணக்கு தவறும். இரண்டாவது, அரைக் கிலோ போலத் தெரிகிற 400 கிராம், 450 கிராம் பருப்புப் பாக்கெட். பாக்கெட்டில் இப்போது அலகு விலையும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதை ஆயிரத்தால் பெருக்கிப் பார்த்தால் கிலோ விலை வந்துவிடும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் இருக்கிற தொகுப்பைவிட மிளகாயும் மல்லியும் முழுசாக இருக்கிற தொகுப்பு மேல். தூளில்தான் கலப்படம் எளிது, வாசமும் சீக்கிரம் போகும். தூள்தான் கிடைத்தது என்றால் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் தூவி அசைக்காமல் விடுங்கள். நிறம் கோடு கோடாக உடனே இறங்கினால் சாயம் சேர்த்திருக்கிறார்கள். அடியில் படிந்ததை விரலில் தேய்க்கும்போது நறநறவென்றால் செங்கல் தூளோ மணலோ கலந்திருக்க வாய்ப்பு.

இனி 4,500 ரூபாய். கீழே சொல்கிற விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ரேஷன் 105. கூடுதல் அரிசியோ கோதுமையோ 6 கிலோ, 270. கேழ்வரகு 3 கிலோவும் ரவை 1 கிலோவும், 225. பருப்பு, பயறு வகையில் இன்னும் 4 கிலோ: உளுந்து, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு ஒவ்வொரு கிலோ, 440. நிலக்கடலை 1 கிலோ, 140. மீல் மேக்கர் (சோயா உருண்டை) அரைக் கிலோ, 75. எண்ணெய் இன்னும் 2 லிட்டர், 300. முட்டை 60, 390. பால் நாளைக்கு அரை லிட்டர், 600. காய்கறி, கீரை, வெங்காயம், தக்காளி எல்லாம் சேர்த்து நாளைக்கு 40 ரூபாய், 1,200. புளி, உப்பு, மிளகாய், மல்லி, கடுகு வகையறா 350. டீத்தூள் 100. மொத்தம் 4,195. மீதி 300 ரூபாயில் வாழைப்பழம், நெல்லிக்காய், மாதத்தில் ஒன்றிரண்டு தடவை மத்தி மீன். இந்தப் பட்டியல் நாளைக்கு ஏறத்தாழ 160 கிராம் புரதமும் 6,000 கலோரியும் வீட்டில் தரும். பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிற இரண்டு வேளையும் சேர்ந்தால் கணக்கு நிரம்பிவிடும். இதில் தொகுப்பு எதை மாற்றும் என்று பாருங்கள். 350 ரூபாய் மசாலாச் சாமானையும், 440 ரூபாய்ப் பருப்பில் ஒரு பகுதியையும். பாலையும் முட்டையையும் கீரையையும் எந்த அட்டைப்பெட்டியும் கொண்டுவராது. 999 ரூபாய்த் தொகுப்பு வாங்கிவிட்டு, பணம் போதவில்லை என்று முட்டையை நிறுத்துவதுதான் இதில் நடக்கிற பெரிய தப்பு.

குறைத்தே ஆகவேண்டிய மாதம் வந்தால் எதைக் குறைப்பது என்பதற்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்: 10 கிராம் புரதம் என்ன விலைக்கு வருகிறது? பச்சைப்பயறில் கிலோவுக்கு 220 கிராம் புரதம். கிலோ 120 ரூபாய் என்றால் 10 கிராம் ஐந்தரை ரூபாய். மீல் மேக்கரில் பாதிக்கு மேல் புரதம், கிலோ 150 என்றால் 10 கிராம் 3 ரூபாய். நிலக்கடலை 6 ரூபாய் அளவில் நிற்கும். முட்டை ஒன்றில் ஆறரை கிராம், விலையும் ஆறரை ரூபாய் என்றால் 10 கிராம் 10 ரூபாய். பாலில் லிட்டருக்கு 32 கிராம், 40 ரூபாய்ப் பால் என்றால் 12 ரூபாய்க்கு மேல். இதை வைத்துப் பாலையும் முட்டையையும் நிறுத்திவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பி12 சத்தும் பாலின் சுண்ணாம்புச் சத்தும் பயறில் அந்த அளவுக்கு வராது. பிள்ளைகள் பங்கைத் தொடாமல் பெரியவர்கள் பங்கைப் பயறுக்கு மாற்றலாம். பிஸ்கட்டையும் ஊட்டச்சத்து பானப் பொடியையும் இதே கணக்கில் போட்டுப் பார்த்தால் ஏன் வாங்கக்கூடாது என்று தானாகத் தெரியும்.

சமையலில் ரேஷன் பொருளைப் பற்றிப் பலருக்கு இருக்கிற குறை, பருப்பு வேகவில்லை என்பது. பருப்பு பழையதாக இருந்தாலோ தண்ணீர் உப்பாக இருந்தாலோ அப்படித்தான் ஆகும். கழுவிய பருப்பைச் சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு பங்கு பருப்புக்கு மூன்று பங்கு நல்ல தண்ணீர், இரண்டு சொட்டு எண்ணெய், கொஞ்சம் மஞ்சள்தூள் மட்டும் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். புளியையும் தக்காளியையும் பருப்பு குழைந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பு முன்னாடியே சேர்ந்தால் பருப்பின் செல்சுவர் இறுகி, எத்தனை விசில் விட்டாலும் மசியாது. சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வெந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பருப்பிலுள்ள பி1 சத்தை அது அழித்துவிடும், ஆகவே வேண்டாம்.

ரேஷன் அரிசியில் அங்கங்கே நிறம் மாறி, கழுவும்போது மிதக்கிற மணிகள் இருக்கலாம். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிப் போடுகிறார்கள். அவை செறிவூட்டப்பட்ட மணிகள். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்து, 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கலந்தவை. எறிந்துவிட்டால் சத்தையே எறிந்ததாகும். கல், தூசி பொறுக்கி இரண்டு தடவை கழுவினால் போதும். வடிப்பதைவிடத் தண்ணீர் அளந்து வைத்து வற்ற விடுவது நல்லது. வடித்துத்தான் பழக்கம் என்றால் கஞ்சியைக் கொட்டாமல் ரசத்துக்கோ குடிக்கவோ வைத்துக்கொள்ளுங்கள். தாலசீமியா மாதிரியான ரத்த நோய் வீட்டில் யாருக்காவது இருந்தால் மட்டும் இந்த அரிசி பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ரேஷன் புழுங்கலில் இட்லி நன்றாகவே வரும். 800 கிராம் அரிசிக்கு 200 கிராம் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசியைத் தனியாக நாலு மணி நேரமும், உளுந்தை வெந்தயத்தோடு இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊறவைத்து, உளுந்தை முதலில் ஐஸ் தண்ணீர் தெளித்துப் பொங்க அரைத்து எடுங்கள். அரிசியைக் கொரகொரப்பாக அரைத்துக் கலந்து, கையால் அடித்துக் கரைத்து இரவு முழுவதும் வையுங்கள். உளுந்தைக் குறைத்துச் சோடா போட்டு உப்ப வைத்தால் பணம் மிச்சம் போலத் தோன்றும், புரதம்தான் மிச்சமில்லாமல் போகும். இந்த அளவில் 45 இட்லி அளவுக்கு வரும், ஒவ்வொன்றிலும் இரண்டு கிராமுக்கு மேல் புரதம். பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் சேர்த்த சட்னி வைத்தால் காலை வேளையிலேயே நல்ல பங்கு முடிந்துவிடும். மீல் மேக்கர் வாசம் பிடிக்கவில்லை என்பவர்கள், கொதித்த உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் அலசி மறுபடியும் பிழிந்து, சின்னதாக நறுக்கிக் குழம்பில் போடுங்கள். ஒரு தடவைக்கு 60 கிராம் வீதம் வாரம் இரண்டு தடவை, அரைக் கிலோ மாதத்துக்குச் சரியாக வரும்.

கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் ஏற, அதே வேளையில் புளிப்பான பழமோ காயோ வேண்டும். அரை எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் போதும், ஒரு நெல்லிக்காய் அதைவிட மேல். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ வேண்டாம், அது இரும்பை உறிஞ்ச விடாது. முருங்கைக்கீரை கிடைக்கிற தெருவில் இருந்தால் வாரம் மூன்று நாள் அதுவே கீரை. காய்க்கு உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் கடை கட்டுகிற நேரத்துக்குப் போங்கள், மீந்த காயைக் கூறு கட்டிக் கொடுப்பார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தலைக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. 40 ரூபாயில் நால்வருக்கு அது முழுதாக வராது, ஒரு கிலோ அளவுக்குத்தான் வரும். இந்தப் பட்டியலில் எனக்கே திருப்தி இல்லாத இடம் இதுதான். 100 ரூபாய் மிஞ்சினால் வேறெதிலும் போடாமல் இங்கே போடுங்கள்.

பொருள் மாதம் முழுக்க நிற்க வேண்டும் என்றால் வாங்கிய அன்றே பங்கு பிரிக்க வேண்டும். மூன்று லிட்டர் எண்ணெய் என்றால் நாளைக்கு 100 மில்லி. ஒரு பாட்டிலில் 700 மில்லி உயரத்தில் கோடு போட்டு, வாரத்துக்கு ஒரு முறை அந்தக் கோடு வரை மட்டும் ஊற்றி அடுப்படியில் வையுங்கள். மற்றது மேலே இருக்கட்டும். பெரிய கேனிலிருந்து நேராக ஊற்றுகிற வீட்டில் இருபதாம் தேதிக்கே எண்ணெய் தீரும். மார்கழி, தை குளிரில் பாமாயில் வெள்ளையாக உறைவது கெட்டுப்போனதால் அல்ல, வெயிலில் வைத்தால் உருகிவிடும். பயறு வகையை ஒரு நாள் வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு டப்பாவில் அடைத்தால் வண்டு பிடிக்காது. சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ரவையை லேசாக வறுத்து வையுங்கள். நிலக்கடலையில் பச்சையோ கறுப்போ படிந்த பருப்பு தெரிந்தால் அதைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். கழுவிச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம், அந்தப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

மளிகையில் உண்மையான மிச்சம் பார்க்க வேண்டும் என்றால் அது பங்குனி, சித்திரையில் இருக்கிறது. மாசி தொட்டுப் புதுப்புளியும் புதுமிளகாயும் சந்தைக்கு வரும். வருஷத்துக்கு வேண்டிய புளி, மிளகாய், மல்லியை அப்போது வாங்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, புளியில் கொட்டை எடுத்து உப்பு தூவிப் பானையிலோ ஜாடியிலோ அடைத்து வைப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம்தான். ஒரே தடவையில் அவ்வளவு பணம் புரட்ட முடியாது என்பதுதான் பலருக்கு இடைஞ்சல். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து மொத்தக் கடையில் மூட்டையாக எடுத்துப் பிரித்துக்கொண்டால் தலைக்குத் தொகை குறையும். தீபாவளி நேரத்துத் தொகுப்பு விலை நிஜமாகவே மலிவா என்பதை என்னால் பொதுவாகச் சொல்ல முடியாது. பண்டிகைக்கு முன் பருப்பு விலை ஏறியிருக்கும், முன்னாலேயே கொள்முதல் செய்த கூட்டுறவு நிறுவனம் குறைத்துக் கொடுக்கவும் முடியும். அந்தந்த வருஷம், அந்தந்த ஊரில் தாள் போட்டுப் பார்ப்பதுதான் வழி. எடைக் கணக்கும் புரதக் கணக்கும் அப்படியில்லை, அவை எந்த ஊரிலும் மாறாது.

மாதாமாதம் 300, 500 கட்டினால் பண்டிகைக்கு மளிகைப் பெட்டி தருகிறோம் என்கிற சீட்டுகளில் சேர வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். நீங்கள் பத்து மாதம் வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறீர்கள். கடைசியில் எந்த ரகப் பருப்பு வரும் என்று முடிவு செய்வது அவர்கள். ஆளே காணாமல் போனால் ரசீதுச் சீட்டை வைத்துக்கொண்டு பணத்தைத் திரும்ப வாங்குவது மிகக் கடினம். அதே தொகையை வங்கியில் மாதாமாதம் தொடர் வைப்பாகப் போட்டால் வட்டியோடு கையில் வரும். ஆன்லைன் தொகுப்பில் டெலிவரி கட்டணத்தையும், தீர்ந்துபோன பொருளுக்குப் பதிலாக வேறு எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்கிற சிறு எழுத்து விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பருப்புக்குப் பதில் சேமியா வருவது அப்படித்தான்.

பள்ளியைப் பற்றி ஒன்று. உங்கள் பிள்ளைகள் தொடக்கப் பள்ளி வயதில் இருக்கிறார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. மதியம் முட்டையோடு சத்துணவு உண்டு. பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று டிபன் கட்டிக் கொடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து பள்ளிச் சாப்பாட்டைச் சாப்பிட விடுங்கள், அது பிள்ளைகளுக்கு உரியது. மூத்த பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலை உணவு நின்றுவிடும். அப்போது வீட்டுக் கணக்கில் மாதம் 2 கிலோ அரிசி, அரைக் கிலோ உளுந்து கூட்டிக்கொள்ளுங்கள். மே மாதம் இரண்டு பிள்ளைகளும் மூன்று வேளையும் வீட்டில் இருப்பார்கள், 5 கிலோ அரிசியும் 1 கிலோ பயறும் கூடுதலாக வேண்டியிருக்கும். மாசி, பங்குனியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு ஒதுக்கி வையுங்கள்.

இந்தப் பட்டியல் நோயில்லாத குடும்பத்துக்குப் போட்டது. யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் அரிசியின் பங்கு இப்படியே இருக்கக்கூடாது. அவர் தட்டில் அரிசியைப் பாதியாக்கிப் பயறையும் காயையும் ஏற்ற வேண்டும், ரேஷன் சர்க்கரையையும் அவருக்கு இல்லாமல் ஆக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தை நான் சொன்னபடி ஏற்றக்கூடாது, மருத்துவர் சொல்கிற அளவுதான். மூட்டை தூக்குவது, சித்தாள் வேலை மாதிரி கடின உடலுழைப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால் தானியத்தை இன்னும் 5 கிலோ ஏற்றுங்கள். இளைய பிள்ளை மூன்று நாலு மாதமாக எடை கூடாமல் இருந்தாலோ, கண் இமையின் உட்பக்கம் வெளுத்துத் தெரிந்தாலோ சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் ரத்தம் பார்த்துவிடுங்கள். பூச்சி மருந்து கொடுத்து எவ்வளவு நாள் ஆயிற்று என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.